புல்வெளியில் ஒரு வட்டம்

குடியேற்றத்தைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்களைப் படிக்கும்போது நாம் இரண்டு வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். வந்தவர் பட்ட பாட்டை ஆசிரியர் எவ்வாறு காட்டுகிறார் என்பது ஒன்று. அவர்கள் வருமுன் அம்மண்ணில் இருந்தவர் யாவர், அவர்களைப் பற்றி நூல் என்ன சொல்கிறது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு மிகச் சிறந்த விடை தரும் நூல், இரண்டாம் வினாவின் முன்னே தடுமாறி நிற்பதும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதர் 1918ஆம் ஆண்டு வெளியிட்ட ‘என் அன்டோனியா’ என்னும் புதினம் அத்தகையது. அதனை நாம் பெரிதும் போற்றுகிறோம். போற்றத்தக்க நூலின் குறையைத்தான் ஆராய வேண்டும். எளிய நூலின் குறையை ஆராய்ந்து யாருக்கு என்ன பயன்?

கதை நிகழும் களம் நெப்ராஸ்கா மாநிலத்தின் தென் எல்லையில், ரிபப்ளிகன் ஆற்றங்கரையில் உள்ள வெப்ஸ்டர் மாவட்டம். புதினத்தில் அப்பெயர் வாராது. ஆயினும் களம் அதுவே என்பதில் ஐயமில்லை. 1862இல் இயற்றப்பட்ட குடியிருப்பு நிலச் சட்டத்தின்படி ஒருவர் 160 ஏக்கர் நிலத்தைப் பதிவு செய்துகொண்டு, ஐந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து பயிரிட்டால் அந்நிலம் அவருக்கே உரியதாகும். இச்சட்டத்தை நம்பியும், இருப்புப்பாதை நிறுவனங்கள் பரப்பிய விளம்பரங்களை நம்பியும் மக்கள் வந்தனர். சைலஸ் கார்பர் என்னும் முன்னாள் படைத்தலைவரும் அவருடைய துணைவர்களும் 1870இல் இங்கு வந்தனர். மறு ஆண்டே மாவட்டம் அமைந்தது. கார்பர் பின்னாளில் அம்மாநிலத்தின் ஆளுநரும் ஆனார். 1879இல் இரயில் வந்தது. போஹீமியர், சுவீடியர், நார்வேயர், டேனியர், செருமானியர் எனப் பல மொழியினர் அதில் வந்திறங்கினர். 1873இல் வர்ஜீனியாவில் பிறந்த கேதர் தம் ஒன்பதாம் வயதில், 1883இல், பெற்றோருடன் அங்கே வந்து சேர்ந்தார். அயல்நாட்டு மூதாட்டியரின் அடுக்களைகளில் அமர்ந்து அவர்கள் வெண்ணெய் கடைவதையும் ரொட்டி சுடுவதையும் பார்த்துக்கொண்டே கதை கேட்ட சிறுமி அவர். அரைகுறை ஆங்கிலத்தில் அவர்கள் சொன்னவற்றுள் சொல்லாமல் விட்டதையும் உணரும் செவி அவருக்கு வாய்த்திருந்தது. அந்தச் செவிதான் பின்னர்ப் புதினம் எழுதியது.

கதையைச் சுருங்கச் சொல்லலாம். பெற்றோரை இழந்த ஜிம் பர்டன் என்னும் பத்து வயதுச் சிறுவன் வர்ஜீனியாவிலிருந்து தன் பாட்டன் பாட்டியிடம் வருகிறான். அதே இரயிலில் போஹீமியாவிலிருந்து ஷிமெர்டா குடும்பமும் வருகிறது. அக்குடும்பத்தின் மூத்த மகள் அன்டோனியா, ஜிம்மைவிட நான்கு வயது பெரியவள். இருவரும் சேர்ந்து வளர்கின்றனர். ஜிம் நகரத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் போகிறான். அவள் பிறர் வீட்டில் வேலை செய்து, ஒருவனால் ஏமாற்றப்பட்டு, குழந்தையோடு திரும்பி, பின்னர்த் தன் நாட்டவன் ஒருவனை மணந்து, பல பிள்ளைகளுக்குத் தாயாகிறாள். இருபது ஆண்டுகள் கழித்து ஜிம் அவளைக் காண வருகிறான். கதை இவ்வளவே. பெரிய திருப்பங்களை நாடிச் செல்வோர்க்கு இந்நூல் ஏமாற்றமே தரும்.

ஆனால் குடியேறியவரின் வாழ்க்கையை உள்ளிருந்து காட்டும் வகையில் இதற்கு ஈடான நூல்கள் அரிய. ஷிமெர்டா குடும்பம் வாழ்ந்தது வீட்டிலன்று. ஓடைக்கரையைக் குடைந்தமைத்த மண் பொந்தில். அதையும் நிலத்தையும் கால்நடையையும் அடுப்பையும் அளவுக்கு மீறிய விலைக்கு விற்றவன் அவர்கள் நாட்டானாகிய கிராயெக் என்பவனே. அவனை அவர்கள் வெறுத்தனர். ஆயினும் விட்டு விலக முடியவில்லை. அவர்கள் மொழி பேசக்கூடியவன் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான் இருந்தான். அயலூரில் நம்மவன் என்று நம்பி ஒருவனிடம் அகப்பட்டுக்கொள்ளும் இந்நிலையை, புலம்பெயர்ந்தோர் எவரும் ஒரு பெருமூச்சோடுதான் படிப்பர். வந்த நாள்களிலேயே தந்தை ஷிமெர்டா, இரு மொழி எழுத்துகளும் அச்சிட்ட ஒரு நூலை ஜிம்மின் பாட்டியின் கையில் கொடுத்து, தம் மகளுக்குக் கற்பிக்குமாறு மன்றாடுகிறார். அவர் நெசவாளர், பிடில் வாசிப்பவர். இந்தப் புல்வெளியில் அவர் அப்பிடிலைத் தொடவே இல்லை.

உலர்ந்த காளான் பற்றிய நிகழ்ச்சி ஒன்று வருகிறது. ஜிம்மின் பாட்டி குளிர்காலத்தில் உணவுப் பண்டங்களோடு அவர்களைக் காணச் செல்கிறாள். விருந்தினரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத ஷிமெர்டாவின் மனைவி, பெட்டியினின்றும் ஒரு பையை எடுத்து, அதில் கொஞ்சம் கொடுக்கிறாள். பழுப்பு நிறத்தில் வேர்ச் சீவல்போல் இருந்த அப்பொருள் இன்னதென்று பாட்டிக்குத் தெரியவில்லை. வீட்டிற்கு வந்ததும் அடுப்பில் எறிந்துவிடுகிறாள். ஜிம் மட்டும் ஒரு துண்டை எடுத்து மென்று பார்க்கிறான். அதன் சுவை அவன் நினைவை விட்டு அகலவில்லை. அவை போஹீமியக் காடுகளில் பொறுக்கி உலர்த்தி, கடல் கடந்து கொண்டுவந்த காளான்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அவன் அறிகிறான். கொடுத்தவள் தன்னிடம் இருந்தவற்றுள் விலைமதிப்பில்லாததைக் கொடுத்தாள். பெற்றவள் அதனைக் குப்பை என எண்ணினாள். இருவருமே நல்லவர்கள். அறிமுகமில்லா இரு பண்பாடுகள் ஓர் அடுக்களையில் எதிர்ப்படும்போது நிகழ்வது இதுதான். ஆசிரியர் இதற்கு ஒரு சொல் விளக்கமும் கூறாது கடந்து செல்கிறார்.

அக்குளிர்காலத்திலேயே ஷிமெர்டா தொழுவத்தில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறக்கிறார். இது கற்பனையன்று. அன்டோனியாவின் மூலவடிவமாக அமைந்த போஹீமியப் பெண்ணின் தந்தை 1881இல் இவ்வாறே இறந்தார். கேதர் அம்மாவட்டத்திற்கு வந்த புதிதில் கேட்ட கதைகளுள் அதுவும் ஒன்று. தற்கொலை செய்துகொண்டவரைத் தம் இடுகாட்டில் புதைக்க நார்வேயர் திருச்சபையினர் ஒப்பவில்லை. எனவே நிலத்தின் ஒரு மூலையில், பிற்காலத்தில் இரு சாலைகள் குறுக்கிடப் போகும் இடத்தில், அவரைப் புதைக்கின்றனர். ஆண்டுகள் கழிகின்றன, சாலைகள் வருகின்றன. ஆனால் அவை கல்லறையின்மேல் செல்லவில்லை. சற்றே வளைந்து விலகிச் செல்கின்றன. சுற்றிலும் உழுத வயல்களிருக்க, அந்தச் சிறு திட்டில் மட்டும் பழைய செம்புல் உயர்ந்து நிற்கிறது. சட்டத்தின் நேர்கோடு ஒரு மனிதனின் துயரத்திற்காக வளைந்துகொடுத்தது என்னும் இக்காட்சியே நூலின் உச்சம் என நாம் கருதுகிறோம். பலரும் மேற்கோள் காட்டும் கலப்பைக் காட்சி அன்று. அதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

நூலின் மற்றொரு சிறப்பு அது மொழியை நடத்தும் முறை. இறுதியில் ஜிம் காணும் அன்டோனியா தன் ஆங்கிலத்தைப் பெரிதும் மறந்துவிட்டவள். வீட்டில் பேசுவது போஹீமியமே. இளைய பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின்னரே ஆங்கிலம் அறிகின்றனர். இதனை ஆசிரியர் ஒரு குறையாகக் கூறவில்லை, நிறைவாகவே கூறுகிறார். நூல் வெளிவந்த காலத்தை நோக்கினால் இதன் துணிவு விளங்கும். முதல் உலகப் போரின் வெறுப்பு அடங்காத 1919ஆம் ஆண்டில், எட்டாம் வகுப்பைக் கடக்காத பிள்ளைகளுக்கு அயல்மொழி கற்பிக்கலாகாது என நெப்ராஸ்கா சட்டம் இயற்றியது. பத்து வயதுச் சிறுவனுக்குச் செருமானிய மொழியில் விவிலியக் கதை படிக்கக் கற்பித்த இராபர்ட் மேயர் என்னும் ஆசிரியருக்கு 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனத் தீர்த்தது. அதே ஆண்டில் கேதர் தம் மாநிலத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஒரு மொழி மட்டும் அறிந்தவனே நல்ல குடிமகன் என நம்பிய சட்டமன்றத்தாரை நயமாக எள்ளி நகையாடினார். தாய்மொழி வழங்கும் மாநிலத்திற்கு வெளியே வாழ்ந்துகொண்டு, பிள்ளைகள் வீட்டில் எம்மொழி பேசுகிறார்கள் என நாள்தோறும் கவனித்துவரும் நமக்கு, அன்டோனியாவின் அடுக்களை அயலிடமாகத் தோன்றவில்லை.

இவ்வளவும் முதல் வினாவிற்குரிய விடை. இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம்.

ஜிம் வந்திறங்கிய இரவில் அவன் கண்ட நிலம் நிலமாகவே இல்லை. நாடு ஆவதற்குரிய மூலப்பொருள் மட்டுமே அங்கே கிடந்ததாக அவனுக்குத் தோன்றுகிறது. வேலி இல்லை, மரம் இல்லை, மனித உலகத்தின் விளிம்பையே கடந்து வந்துவிட்டதாக உணர்கிறான். இருளில் வண்டியில் படுத்திருக்கும் தாய் தந்தையற்ற சிறுவனின் மனநிலை இது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் வளர்ந்தபின் இதை எழுதுபவன் யார்? ஜிம் பர்டன் இப்போது மேற்குப் பகுதியின் பெரிய இருப்புப்பாதை நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞன். முன்னுரையிலேயே இது சொல்லப்படுகிறது. பெரும்பாலோர் இதை மறந்துவிட்டே மேலே படிக்கின்றனர். நெப்ராஸ்காவில் பர்லிங்டன் நிறுவனம் ஒன்றுக்கு மட்டும் அரசு அளித்த நிலம் இருபது இலட்சம் ஏக்கருக்கும் மேல். அந்நிலத்தை விற்க ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் துண்டு வெளியீடுகள் அச்சாகிச் சென்றன. வெற்று நிலம் என்னும் எண்ணம் சிறுவனின் கண்ணில் மருட்சியாகத் தோன்றியது. நிறுவனத்தின் ஏட்டில் அதுவே சரக்காக இருந்தது. இவ்விரண்டையும் ஒரே மனிதனுள் வைத்த ஆசிரியர் அவற்றை மோதவிடவில்லை. நமது முதல் மனக்குறை இதுவே.

வெற்று நிலமா அது? நூலே அதற்கு மறுப்புக் கூறுகிறது. பாட்டனின் வீட்டிற்கு அருகே, மக்காச்சோள வயலை நோக்கி ஏறும் சரிவில், புல்லின் நடுவே மங்கலான ஒரு பெரிய வட்டம் தெரிகிறது. முன்னொரு காலத்தில் இந்தியர் குதிரையேறிச் சுற்றிய தடம் அது. பண்ணையாட்கள் இருவர், சிறைப்பட்டவரை நடுவில் கட்டி வைத்து வதைத்தபடி இந்தியர் சுற்றிவந்த இடம் எனச் சாதிக்கின்றனர். பாட்டனோ, குதிரைப் பந்தயம் நடந்திருக்கலாம், அல்லது குதிரைகளைப் பழக்கியிருக்கலாம் என அமைதியாகக் கூறுகிறார். முதற் பனி மெல்லியதாகப் படிந்த காலையில், ஓவியத் திரையில் வெண்ணிறம் தீட்டியதுபோல் அவ்வட்டம் தெளிந்து தோன்றுகிறது. சிறுவனின் நெஞ்சம் அசைகிறது; வரப்போகும் குளிர்காலத்திற்கு அது நற்சகுனம் என எண்ணுகிறான். அவ்வளவுதான், பத்தி முடிகிறது. சுற்றியவர் யார், எங்கே போயினர் என்று எவரும் கேட்கவில்லை. வதைக்களமா பந்தயத் திடலா என்னும் இரு ஊகங்களுக்கிடையே ஒரு மக்களினமே மறைந்துபோகிறது. அவர்கள் விட்டுச்சென்ற தடம் குடியேறியவனுக்குச் சகுனமாகிவிடுகிறது.

இதனோடு மற்றொரு பகுதியை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பின்னொரு கோடை நாளில், ஜிம்மும் அயல்நாட்டுப் பெண்களும் ஆற்றங்கரையில் உண்டு மகிழ்ந்து அமர்ந்திருக்கின்றனர். ஜிம் அவர்களுக்குக் கொரொனாடோ என்னும் இசுப்பானியப் படைத்தலைவனின் கதையைச் சொல்கிறான். 1541இல் பொன் நகரங்களைத் தேடி வந்த அவன் கான்சாசிலேயே திரும்பிவிட்டான் எனப் பள்ளி நூல்கள் கூறும். ஜிம் அதனை ஏற்க மறுக்கிறான். அடுத்த மாவட்டத்தில் உழவன் ஒருவன் புல்தரையைக் கிழித்து உழும்போது, வேலைப்பாடுடைய அங்கவடி ஒன்றும், கோர்டோவா நகரின் பெயர் பொறித்த வாள் ஒன்றும் கிடைத்தனவாம். எனவே கொரொனாடோ இந்த ஆறு வரைக்கும் வந்திருக்கவேண்டும் என்பது அவன் வாதம். அவன் மனமுடைந்து இறந்ததைக் கேட்டு அன்டோனியா வருந்துகிறாள். அவள் தந்தையும் அவ்வாறு இறந்தவரல்லவா? இதன்பின் உடனே வருவதுதான் புகழ்பெற்ற அந்தக் கலப்பைக் காட்சி. மேட்டு நிலத்தில் உழவன் விட்டுச்சென்ற கலப்பை, மறையும் கதிரவனின் செவ்வட்டத்தினுள் பேருருவாகத் தோன்றுகிறது. சிறிது நேரத்தில் கதிரவன் அமிழ, கலப்பையும் சிறுத்து மறைகிறது.

அழகிய காட்சி என்பதில் மாறுபாடில்லை. ஆனால் ஆசிரியர் தொடுத்திருக்கும் வரிசையை நோக்குங்கள். இசுப்பானியனின் வாள், பின்னர்க் குடியேறியவனின் கலப்பை. வாளுக்கும் கலப்பைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 350 ஆண்டுகளில் அங்கே மனிதரே இல்லை போலும்! வந்தானோ இல்லையோ என ஐயத்திற்கிடமான ஐரோப்பியன் ஒருவனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, மனத்துயரம் உண்டு, அவனுக்காக இரங்கும் ஒரு பெண்ணும் உண்டு. ஐயத்திற்கிடமின்றி அங்கே வாழ்ந்தவர்க்கோ புல்லில் ஒரு கோடு மட்டுமே கிடைத்தது.

வாழ்ந்தவர் பாவ்னி மக்கள். இதே வெப்ஸ்டர் மாவட்டத்தில், கைட் ராக் என்னும் ஊரின் அருகே, அவர்களுடைய பேரூர் ஒன்று இருந்தது. 1806இல் அமெரிக்கப் படை அலுவலர் ஸெபுலன் பைக் அங்கே வந்தார். அவருக்குச் சற்று முன்னரே இசுப்பானியர் வந்து தம் கொடியைத் தந்து சென்றிருந்தனர். அதை இறக்கித் தம் நாட்டுக் கொடியை ஏற்றுமாறு பைக் கேட்டுக்கொண்டார். ஆக, இசுப்பானியர் இம்மாவட்டத்திற்கு வந்த உண்மை வரலாறு கொரொனாடோவின் வாளில் இல்லை. பாவ்னியரின் ஊர் மன்றத்தில் இருக்கிறது. அவ்வூர் இருந்த இடம் இதுதான் என அகழ்ந்து காட்டப்பட்டது 1920களில்தான். 1918இல் எழுதிய கேதர் அதனை அறிந்திருக்க வேண்டும் என நாம் வற்புறுத்தவில்லை. ஆயினும் அடுத்து வருவன அவர் பிறந்த காலத்திலேயே நிகழ்ந்தவை. 1833 உடன்படிக்கையால் பிளாட் ஆற்றுக்குத் தெற்கேயுள்ள நிலத்தைப் பாவ்னியர் விட்டுக்கொடுத்தனர். 1857இல் ஒரு சிறு ஒதுக்கீட்டு நிலம் தவிர எஞ்சியதையும் இழந்தனர். இருப்புப்பாதை இடப்பட்ட நாள்களில் அதற்குக் காவல் நின்றவர்களும் பாவ்னி வீரர்களே. வேட்டைக்கு மட்டும் ரிபப்ளிகன் ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கு வந்துகொண்டிருந்த அவர்களை 1873 ஆகஸ்டில், அதே ஆற்றின் மேற்பகுதியில், பகைவராகிய லகோட்டா இனத்தார் தாக்கினர். பெண்டிரும் குழந்தைகளும் உட்படப் பலர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில்தான் கேதர் பிறந்தார். 1874, 1875ஆம் ஆண்டுகளில் எஞ்சியோர் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவிற்குச் சென்றனர். சிறுமி கேதர் வந்திறங்கியபோது எட்டு ஆண்டுகள்தாம் கழிந்திருந்தன. புல்லில் தடம் அழியாமல் இருந்ததில் வியப்பென்ன?

ஊர்ப்பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. மாவட்டத்தின் தலைநகர்க்கு ரெட் கிளவுட் எனப் பெயரிட்டனர். அது லகோட்டாத் தலைவர் ஒருவரின் பெயர். பாவ்னியரின் நிலத்தில் பாவ்னியரின் பகைவர் பெயர். அத்தலைவரோ 1909 வரை உயிரோடிருந்தார். கேதர் தம் புதினத்தில் அவ்வூருக்கு பிளாக் ஹாக் எனப் பெயர் மாற்றினார். அது நெப்ராஸ்காவிற்குத் தொடர்பே இல்லாத, கிழக்கே வாழ்ந்த சாக் இனத் தலைவரின் பெயர். குடியேறியவர்க்கு இந்தியர் வேண்டும். பெயராக மட்டும் வேண்டும்.

இதற்கு மறுப்பாக ஒரு கருத்துக் கூறப்படலாம். கேதர் 1922இல் எழுதிய கட்டுரையொன்றில், புதினத்தில் தேவையற்ற பொருள்களை அகற்றிவிட வேண்டும் என்றும், பெயர் சொல்லாமலே உணரவைப்பதுதான் கலை என்றும் வாதிட்டார். அந்த வட்டமும் அவ்வாறு சொல்லாமல் சொல்லியதே என ஒருவர் கூறலாம். நாம் இதனை எண்ணிப் பார்த்தோம், ஏற்க இயலவில்லை. காளான் நிகழ்ச்சியில் ஆசிரியர் சொல்லாமல் விட்டதை நாம் உணர்கிறோம். ஏனெனில் கொடுத்தவளின் முகத்தை முன்னரே கண்டிருக்கிறோம். வட்டத்தில் குதிரையோட்டியவரின் முகம் நூலில் எங்கும் இல்லை. முன்னதில் மௌனம் நிறைந்திருக்கிறது. பின்னதில் இடம் வெறுமையாக இருக்கிறது. அதனை நிரப்புவது நாம் வேறு நூல்களிலிருந்து கொண்டுவரும் வரலாறேயன்றிக் கேதரின் கலையன்று.

வெறுமையால் நூலும் இழந்தது. ஷிமெர்டா குடும்பம் மண்ணைக் குடைந்து வாழ்ந்ததை, மனித நிலையினின்றும் தாழ்ந்ததாக அனைவரும் நோக்குகின்றனர். அதே மண்ணில் பாவ்னியர், மரத்தூண் நாட்டிப் புல்லும் மண்ணும் வேய்ந்து, பல குடும்பங்கள் ஒருங்கே வாழத்தக்க வட்ட வீடுகளைக் கட்டி வாழ்ந்தனர். அந்நிலத்தின் குளிருக்கும் காற்றுக்கும் உகந்த வீடு எது எனத் தலைமுறை தலைமுறையாய் அறிந்தவர்கள் அவர்கள். இவ்வறிவு நூலுக்குள் வந்திருக்குமாயின், ஷிமெர்டாவின் பொந்து இன்னும் எத்துணைத் துயரமுடையதாய்த் தோன்றியிருக்கும்! தொழில் தெரியாத நிலத்தில் வந்து இறந்த ஒருவரின் கதை, தொழில் தெரிந்தவரை அகற்றிவிட்ட நிலத்தில் இறந்தவரின் கதையாக ஆகியிருக்கும். கார்பரும் துணைவரும் வந்தவுடன் தம்மைச் சுற்றி அரண் கட்டிக்கொண்டுதான் வாழ்ந்தனர்; நிலம் வெறுமையானதன்று என அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை மறந்தது அடுத்த தலைமுறை.

மக்காச்சோளத்தைப் பற்றியும் கூற வேண்டும். கோடையில் அது வளர்வதைக் கேதர் எழுதியிருப்பதுபோல் எழுதியவர் குறைவு. இவ்வயல்கள் ஒருநாள் உலகத்திற்கே உணவளிக்கும் எனப் பாட்டன் முன்னுணர்ந்ததாக ஜிம் கூறுகிறான். அதே பள்ளத்தாக்கின் தாழ்நிலங்களில் காட்டெருமையின் தோள் எலும்பால் செய்த கொத்துக்கொண்டு மண்ணைக் கிளறி, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்தவர்கள் பாவ்னிப் பெண்டிர். நாடு கடந்தபோது விதைகளையும் அவர்கள் உடன் கொண்டு சென்றனர். ஷிமெர்டாவின் மனைவி காளானைக் கொண்டுவந்ததுபோல. ஓக்லஹோமா மண்ணில் அவ்விதைகள் செழிக்கவில்லை. சில வகைகள் விரலால் எண்ணத்தக்க அளவே எஞ்சின. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பாவ்னியர், நெப்ராஸ்காவில் பிளாட் ஆற்றங்கரையிலுள்ள கியர்னி நகரில் தோட்டம் வைத்திருந்த ஒருவரை நம்பிச் சில விதைகளை அனுப்பினர். அவற்றுள் ஒன்று கழுகுச் சோளம். வெண்ணிற மணியில் சிறகு விரித்த பறவை போன்ற கருமறு உடையது. முதல் முறை நட்டவை மண்ணிலேயே அழுகின. மீண்டும் அனுப்பினர்; முளைத்தது. பின்னர் அம்மாநிலத்து உழவர்கள் சிலரும் தம் நிலத்தில் அதனைப் பயிரிட்டனர். அவர்களுள் குடியேறியவர்களின் வழிவந்தோரும் இருந்தனர். விளைந்த மணிகளைத் தெற்கே பாவ்னியரிடம் சேர்த்தனர்.